வானில் ஓடும் மர்ம விளக்குகள்: பயப்படும் முன், பகிரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2022 ஏப்ரல் 2, சனிக்கிழமை. நம் நாட்டில் ரமளான் பிறை பார்த்த நாள். அன்று இரவு 7.45 மணியளவில் மஹாராஷ்டிரா, மத்தியப் பிரதேச மாநிலங்களின் பல ஊர்களில் வானத்தைப் பார்த்தவர்கள் திகைத்து நின்றனர். நெருப்புக் கோடுகள் சில, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் வானத்தைக் கடந்து சென்றன. கைப்பேசியில் படமெடுக்கும் அளவுக்கு அவகாசம் இருந்தது. சில நிமிடங்களில் அந்தக் காட்சிகள் நாடெங்கும் பரவின. விண்கல் மழை என்றார்கள் சிலர். விமானம் எரிந்து விழுகிறது என்றார்கள் சிலர். எதிரி நாட்டு ஏவுகணை என்றும், கியாமத் நாளின் அடையாளம் என்றும்கூடச் செய்திகள் சுற்றின.

அதே இரவில் மஹாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் லாட்போரி என்ற கிராமத்தில் சுமார் மூன்று மீட்டர் அகலமுள்ள ஓர் உலோக வளையம் கண்டெடுக்கப்பட்டது. அக்கம்பக்கத்தில் உலோக உருண்டையும் கிடைத்தது. விண்வெளிப் பொருட்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வரும் அமெரிக்க வானியலாளர் ஜொனாதன் மெக்டவல், அது 2021 பிப்ரவரியில் சீனா ஏவிய சாங் ஜெங் 3பி ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காக இருக்கும் என்று கணித்தார். ஓராண்டுக்கும் மேலாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த காலி ராக்கெட் உடல், காற்று மண்டலத்துக்குள் இறங்கி எரிந்ததைத்தான் மக்கள் பார்த்திருக்கிறார்கள்.

பிறை பார்க்க மாடியேறும் பழக்கம் நமக்கு உண்டு. ஸஹருக்கு எழுந்து முற்றத்தில் நிற்கும் பழக்கமும் உண்டு. செயற்கைக்கோள்கள் கண்ணுக்குத் தெரிவதும் மிகச் சரியாக அந்த நேரங்களில்தான். எனவே மற்றவர்களைவிட நம் குடும்பங்களே இத்தகைய காட்சிகளை அதிகம் காண வாய்ப்புண்டு. நம் வாட்ஸ்அப் குழுமங்களில் "இது என்ன?" என்ற கேள்வியோடு வரும் படங்கள் பெருகிவருவதால், எது எப்படித் தெரியும், எதை எப்படிப் பிரித்தறிவது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏன் மஃரிபுக்குப் பின்னும் ஃபஜ்ருக்கு முன்னும் மட்டும்?

செயற்கைக்கோளில் விளக்கு எரிவதில்லை. அதன் உலோக உடலிலும் சூரியத் தகடுகளிலும் படும் வெயில்தான் நம் கண்ணுக்கு வெளிச்சமாக வருகிறது.

மாலையில் பள்ளிவாசல் முற்றத்தில் நிழல் விழுந்த பிறகும் மினாராவின் உச்சியில் வெயில் அடிப்பதைப் பார்த்திருப்போம். மினாரா உயரத்துக்கே சில நொடிகள் கூடுதலாக வெயில் கிடைக்கிறது என்றால், 400 அல்லது 500 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? நமக்குச் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் அங்கே பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கீழே இருட்டு, மேலே வெயில். இந்த இரண்டும் சேரும் நேரத்தில்தான் அது நமக்குத் தெரிகிறது. நள்ளிரவில் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் பூமியின் நிழலுக்குள் முழுமையாகப் போய்விடுவதால் நம் பகுதியில் அவை தெரிவதில்லை.

"நட்சத்திரம் போல நகர்ந்து வந்து, நடுவானில் சட்டென்று மறைந்துவிட்டது" என்று பலர் வியப்பதற்கும் இதுவே காரணம். அது எங்கும் போய்விடவில்லை. பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால், மறையும் முன் அது மங்கிச் சற்றே செந்நிறமாவதையும் காணலாம். அதுவும் ஒரு வகையில் அங்கே நிகழும் சூரிய மறைவுதான்.

சத்தமில்லாமல் நகரும் பெரிய நட்சத்திரம்

வானில் மிகப் பிரகாசமாக நகரும் செயற்கைப் பொருள் சர்வதேச விண்வெளி நிலையம். 1998 நவம்பரில் அதன் முதல் பகுதி ஏவப்பட்டது. 2000 நவம்பர் முதல் இன்றுவரை அதில் மனிதர்கள் தொடர்ந்து வசித்து வருகிறார்கள். முனைக்கு முனை 109 மீட்டர் நீளம், அதாவது ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு. உயரம் 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வேகம் நொடிக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடுகிறது.

பெரும்பாலும் மேற்குப் பக்கமிருந்து எழுந்து கிழக்குப் பக்கம் செல்லும். கண் சிமிட்டாது. சத்தம் கேட்காது. தலைக்கு நேர் மேலே சென்றால் வெள்ளிக் கோள் அளவுக்கு ஒளிரும். அடிவானத்திலிருந்து அடிவானம் வரை அதிகபட்சம் சுமார் பத்து நிமிடம்.

அந்த ஒளிப்புள்ளிக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறக்காதீர்கள். மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகூர் 2007 அக்டோபரில் ரமளானின் கடைசி நாட்களில் அங்கு சென்று, பெருநாளை அங்கேயே கழித்தார். விண்வெளியில் தொழுவது குறித்து மலேசிய மார்க்க அறிஞர்கள் அப்போது வழிகாட்டுதலே வெளியிட்டனர். அமீரகத்தின் சுல்தான் அல் நெயாதி 2023 ரமளான் முழுவதும் அங்கேதான் இருந்தார். 2025 ஜூனில் சென்ற சுபான்ஷு சுக்லா, அந்நிலையத்தில் கால் வைத்த முதல் இந்தியர்.

முத்துமாலை போல வரிசையாக

அண்மை ஆண்டுகளில் மக்களை மிக அதிகமாகக் குழப்பியது இதுதான். ஒரே நேர்கோட்டில், ஏறக்குறைய சம இடைவெளியில், இருபது முப்பது விளக்குகள் ரயில் போலச் செல்லும். இவை அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணையச் சேவைக்காக அனுப்பும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்டன. மறுநாள் இரவே நெதர்லாந்தில் அவை வரிசையாகச் செல்வதை வானியல் ஆர்வலர் ஒருவர் படம்பிடித்து வெளியிட்டார். பறக்கும் தட்டுகள் வந்துவிட்டன என்று அந்நாட்டில் பலர் புகார் அனுப்பினர். 2021 டிசம்பரில் பஞ்சாபிலும் ஜம்முவிலும் இதே காட்சி பீதியைக் கிளப்பியது. எல்லையோர மக்கள் அல்லவா, அவர்களின் அச்சம் இன்னும் ஒரு படி கூடுதலாகவே இருந்திருக்கும்.

ஏவிய சில நாட்கள்வரை இவை தாழ்வாகவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருக்கும். அப்போதுதான் மாலை போலத் தெரியும். பிறகு ஒவ்வொன்றும் தன் உந்துவிசையால் மெல்ல மேலேறி, சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் தத்தம் இடத்துக்குப் பிரிந்துவிடும். அதன்பின் வெறும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும். 2025-இல் வானில் இயங்கிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை 7,000-க்கும் அதிகம். புதியவை தொடர்ந்து ஏவப்படுவதால் இந்தக் காட்சி இனியும் வரும். இன்று பார்த்தவர்கள் நாளை மறுநாள் தேடினால் அது காணாமல் போயிருக்கும் என்பதால்தான் மர்மம் கூடுகிறது.

மின்னி மறைபவை

ஒரே இடத்தில் டார்ச் அடித்ததுபோல் சில நொடிகள் பளிச்சென்று ஒளிர்ந்து மறைந்தால், செயற்கைக்கோளின் தட்டையான ஒரு பகுதி கண்ணாடிபோல் வெயிலை நம் பக்கம் திருப்பியிருக்கிறது என்று பொருள். 1997 முதல் ஏவப்பட்ட பழைய இரிடியம் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் இதற்குப் பெயர்போனவை. அவற்றின் கதவளவு ஆண்டெனாத் தகடுகள் வெள்ளியைவிடப் பல மடங்கு ஒளிர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை இப்போது கீழே இறக்கி எரிக்கப்பட்டுவிட்டன.

நகர்ந்துகொண்டே சீரான இடைவெளியில் மின்னி மின்னிச் சென்றால் அது பெரும்பாலும் உருண்டுகொண்டே சுற்றும் காலி ராக்கெட் உடல். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ரஷ்யா ஏவிய உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை வெறும் கண்ணால் பார்த்தோம் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் உண்மையில் பார்த்தது, அதைத் தொடர்ந்து சென்ற ராக்கெட் உடலைத்தான். ஸ்புட்னிக்கின் விட்டம் வெறும் 58 சென்டிமீட்டர்.

எரிந்து விழுபவை

எரிநட்சத்திரமும் எரிந்து விழும் ராக்கெட் பாகமும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க எளிய அளவுகோல் நேரம்.

எரிநட்சத்திரம் விண்வெளியிலிருந்து நேரே வரும் சிறு கல். நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் உரசி எரிகிறது. "அதோ!" என்று கை நீட்டுவதற்குள் முடிந்துவிடும். ராக்கெட் பாகமோ நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறையக் கிடைமட்டமாக, சாய்வு குறைந்த பாதையில் இறங்குகிறது. எனவே அரை நிமிடம், ஒரு நிமிடம் என நீடிக்கும். போகப் போகப் பல துண்டுகளாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனி வாலோடு செல்லும். சந்திரபூர் பகுதி மக்கள் பார்த்தது இதைத்தான்.

வானிலிருந்து விழுந்த உலோகத் துண்டு எதையும் கையால் தொட வேண்டாம். ராக்கெட் எரிபொருள்களில் சில கடும் நச்சுத்தன்மை கொண்டவை. காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை.

நம் பெரியவர்களுக்கு "ஸ்கைலாப்" என்ற பெயர் நினைவிருக்கும். 77 டன் எடையுள்ள அந்த அமெரிக்க விண்வெளி நிலையம் 1979 ஜூலை 11 அன்று கீழே விழுந்தது. நம் தலையில் விழப்போகிறது என்று அன்று நாடெங்கும் அச்சம் பரவியது. கடைசியில் அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. அன்று வதந்தி ஊர் ஊராகப் பரவ நாட்கள் ஆயின. இன்று நிமிடங்களே போதும்.

சுருள்களும் ஒளிமேகங்களும்

2009 டிசம்பர் 9 அதிகாலை, நார்வேயின் வடபகுதியில் வானத்தையே நிறைத்தபடி ஒரு வெண்சுருள் தோன்றியது. அதன் நடுவிலிருந்து நீல ஒளி கீழிறங்கியது. உலகின் முடிவு என்று பலர் எண்ணினர். வெள்ளைக் கடலில் ஒரு நீர்மூழ்கியிலிருந்து சோதித்த புலாவா ஏவுகணையின் மூன்றாம் அடுக்கு பழுதாகிவிட்டதாக ரஷ்யா பின்னர் ஒப்புக்கொண்டது. சுழலும் ராக்கெட்டிலிருந்து புகையும் எரிபொருளும் வெளியேறினால், தோட்டத்தில் சுழலும் தண்ணீர்த் தெளிப்பானைப் போலச் சுருள் உருவாகும். அந்த உயரத்தில் வெயில் படுவதால் அது ஒளிர்கிறது.

2012 ஜூன் 7 அன்று லெபனான், சிரியா, ஜோர்டான், துருக்கி வானத்தில் தெரிந்த சுருளும் ஒரு ரஷ்ய ஏவுகணைச் சோதனையே. 2022 ஜூனில் நியூசிலாந்தில் தெரிந்த நீலச் சுருள், ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டின் மேலடுக்கு மீதி எரிபொருளை வெளியேற்றியதால் வந்தது.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. 2022 டிசம்பர் 15 மாலை, மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் ஒரு பெரிய ஒளிக்கற்றை வானில் எழுந்து சில நிமிடங்கள் நின்றது. அன்று ஒடிசா கடலோரத்தில் உள்ள ஒரு தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணை சோதிக்கப்பட்டிருந்தது. அத்தீவின் பெயர் அப்துல் கலாம் தீவு. நம் ராமேஸ்வரத்து மண்ணின் மைந்தர் பெயர்தான்.

அசையாத விளக்குகள்

நகரவே நகராத, அல்லது மிக மெதுவாக நகரும் பிரகாசமான விளக்கு என்றால் முதலில் வெள்ளி, வியாழன் ஆகிய கோள்களைச் சந்தேகியுங்கள். இதில் ஏமாறுவது பாமரர் மட்டுமல்ல. லடாக் எல்லையில் நம் இராணுவத்தினர் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை 329 முறை மர்ம விளக்குகளைக் கண்டு பதிவு செய்தனர். சீன உளவு விமானங்கள் என்று ஐயம். கடைசியில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிஞர்களை அழைத்தனர். அவர்கள் நேரத்தையும் திசையையும் கணக்கிட்டுச் சொன்ன விடை: வெள்ளியும் வியாழனும். நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான்.

இரு நாட்டுப் படைகள் எதிரெதிரே நிற்கும் இடத்தில் ஒரு கோளை உளவு விமானம் என்று நினைத்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே இருந்தவர்கள் அவசரப்படாமல், பார்த்ததை நேரத்தோடு எழுதிவைத்து, அறிந்தவர்களிடம் கேட்டார்கள். நாமும் செய்ய வேண்டியது அதுவே.

பிறை பார்ப்போர் கவனத்துக்கு

செயற்கைக்கோளைப் பிறை என்று யாரும் நினைத்துவிட முடியாது. ஆனால், மறைந்த சூரியனின் ஒளி பட்டு மின்னும் தொலைதூர விமானத்தின் புகைத்தடம், மேற்கு வானில் சிறு வளைந்த கீற்றாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். சில அடையாளங்களை நினைவில் கொள்ளலாம்.

பிறையின் ஒளிரும் விளிம்பு எப்போதும் சூரியன் மறைந்த பக்கம் நோக்கியே இருக்கும். நம் பகுதியில் இளம்பிறை பெரும்பாலும் தோணி போல, கொம்புகள் மேல்நோக்கித் தெரியும். விமானத்தடம் ஒன்றிரண்டு நிமிடங்களில் நீளும், கலையும், இடம் மாறும். பிறை வடிவம் மாறாமல் மெதுவாகத் தாழும். கண்ட இடத்தை ஒரு மரக்கிளையோடோ மாடிச் சுவரோடோ சேர்த்துக் குறித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். உடனிருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாமே கண்டறிய ஆறு கேள்விகள்

வானில் விளங்காத ஒன்றைக் கண்டால் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எத்தனை மணி? மஃரிபிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அல்லது ஃபஜ்ருக்கு முந்தைய ஓரிரு மணி நேரம் என்றால் செயற்கைக்கோளுக்கு வாய்ப்பு அதிகம்.

2. எவ்வளவு நேரம் தெரிந்தது? ஓரிரு நொடி என்றால் எரிநட்சத்திரம். அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை எரிந்து உடைந்தால் ராக்கெட் பாகம். சில நிமிடங்கள் சீராக நகர்ந்தால் செயற்கைக்கோள். மணிக்கணக்கில் நின்றால் கோள் அல்லது நட்சத்திரம்.

3. நிறம் மாறி மின்னியதா? சிவப்பு, பச்சை விளக்குகள் சிமிட்டினால் விமானம் அல்லது ட்ரோன்.

4. பாதை எப்படி? செயற்கைக்கோள் திரும்பாது, நிற்காது, வளைந்து நெளியாது. நின்று திரும்பினால் ட்ரோன்.

5. சத்தம் கேட்டதா? செயற்கைக்கோளுக்குச் சத்தமில்லை.

6. அண்மையில் ராக்கெட் ஏவல் அல்லது ஏவுகணைச் சோதனை நடந்ததா? செய்திகளில் தேடுங்கள்.

நேரம், திசை, ஊர் ஆகிய மூன்றையும் குறித்துவைத்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஹெவன்ஸ் அபவ் என்ற இணையதளத்தில் உங்கள் ஊரைக் கொடுத்தால், எந்தச் செயற்கைக்கோள் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் செல்லும் என்று காட்டும். நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷன் சேவை, விண்வெளி நிலையம் வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லும். இரண்டும் இலவசம்.

அப்படியும் விடை கிடைக்கவில்லை என்றால், "தெரியவில்லை" என்று சொல்வதில் குறைவேதும் இல்லை. தெரியாததை ஏவுகணை என்றோ, கியாமத்தின் அடையாளம் என்றோ நாமாக முத்திரை குத்தி நூறு பேருக்கு அனுப்புவதில்தான் குறை இருக்கிறது. காதில் விழும் செய்தியை உறுதிப்படுத்தாமல் பரப்பக் கூடாது என்று மக்தபில் படித்தது கைப்பேசிக்கும் பொருந்தும். அந்தச் செய்தியைப் படிக்கும் ஒரு மூதாட்டியோ ஒரு குழந்தையோ அன்றிரவு அச்சத்தில் தூங்காமல் இருக்கலாம்.

ஒரு சிறு முயற்சி

விண்வெளி நிலையம் ஒரு சுற்றை முடிக்கச் சுமார் 93 நிமிடம் ஆகிறது. அதற்குள் பூமி கிழக்கு நோக்கி ஏறக்குறைய 23 பாகை சுழன்றுவிடுகிறது. எனவே அடுத்த சுற்றில் நிலையம் நமக்கு 23 பாகை மேற்கே செல்லும். சென்னைக்கு 23 பாகை மேற்கே என்ன இருக்கிறது? ஓமனும் அமீரகமும்! அங்கே நேரமும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்.

அதாவது, இங்கே மஃரிபுக்குப் பின் நம் பிள்ளைகள் மாடியில் நின்று பார்த்த அதே நிலையத்தை, ஒரு சுற்று முடிந்ததும், அங்கே மஃரிபுக்குப் பின் வேலை முடித்து வெளியே வரும் வாப்பாவும் பார்க்கும் வாய்ப்பு உண்டு. எல்லா நாளும் அமையாது. இரு ஊர்களுக்குமான நேரத்தை முன்னரே இணையத்தில் பார்த்து, மேகமில்லாத நாளாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அப்படி ஒரு நாள் அமைந்தால், "வாப்பா, நாங்க பாத்துட்டோம், இப்ப உங்க பக்கம் வருது, வெளிய வந்து பாருங்க" என்று பிள்ளைகளைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். நம் குழுமங்களில் பகிர்வதற்கு வதந்தியைவிட அது எவ்வளவோ நல்ல செய்தி.